கரைந்த எரிமலைகளைக் கடல் மணலில் தேடுவது

வணக்கம் நேயர்களே. கலிபோர்னியாவில் யொசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு, அங்கே ஹாஃப் டோம் என்ற மொட்டைப்பாறை, படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் ஆறி இறுகிய பாறைக்குழம்புதான் அந்தக் கிரானைட். அந்தக் காலத்தில் அதற்கு மேலே எரிமலைகள் வரிசையாக நின்றன. ஃபாரலான் என்ற கடல் தட்டு, அதாவது கடலுக்கு அடியிலிருக்கும் பூமி ஓட்டின் பெரிய துண்டு, கண்டத்துக்கு அடியில் செருகிக்கொண்டே போனதால் எழுந்த வரிசை. அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சில துண்டுகளைத் தவிர இன்று அதில் ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் மழையும் ஆறும் அரித்துப் போய்விட்டது.

சரி, அரித்த மண் எங்கே போனது? மேற்கே, கடலுக்கு. இன்றைய கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கு அன்று ஆழ்கடல். சேறும் மணலுமாகக் கடலடிச் சரிவில் இறங்கி, கிலோமீட்டர் கணக்கில் படிந்து கல்லாகிவிட்டது. அந்த நடுப்பள்ளத்தாக்கின் வடபகுதியான சாக்ரமென்டோ பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் அந்த அடுக்குகள் சாய்ந்து வெளியே தெரிகின்றன, கிழக்கே நடக்க நடக்கப் புதிய அடுக்கு வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வண்டியிலிருந்து மூட்டை இறக்கி அடுக்குவது போல, மலையில் மேலே இருந்தது கடலில் அடியில் கிடக்கிறது. 1970களின் தொடக்கத்தில் புவியியலாளர் வில்லியம் டிக்கின்சனும் உடன் வேலை செய்தவர்களும் இந்த மணற்கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் துகள் துகளாக எண்ணினார்கள். பொறுமையைச் சோதிக்கிற வேலை! கீழ் அடுக்குகளில் எரிமலைப் பாறைத் துணுக்குகள் நிறைய, கறுத்த பின்னணியில் குச்சி குச்சியாய்ப் படிகங்கள். மேலே போகப் போகப் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் என்ற, கிரானைட்டில் நிறைய இருக்கும் கனிமம் கூடுகிறது. சாயம் ஏற்றினால் அது மட்டும் மஞ்சளாகிவிடும், கண்ணுக்கே தெரியும். அப்படிக் கூடுகிறது என்றால், எரிமலை தேய்ந்து அடியிலிருந்த கிரானைட் வெளியே வர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது எல்லோரும் மணலில் கிடக்கும் சிர்க்கான் என்ற கனிமத் துகளைத்தான் தேடிப் போகிறார்கள். யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கை வைத்து அது வயதைச் சொல்லிவிடும், சுலபத்தில் அழியாது. ஆனால் எரிமலைக்கும் அதன் அடியிலுள்ள கிரானைட்டுக்கும் ஒரே குழம்புதான் ஊற்று என்றால் வயதும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும், எதிலிருந்து வந்த துகள் என்று வயது மட்டும் சொல்லாது. அதனால்தான் துணுக்கு எண்ணும் பழைய வேலையை விடக்கூடாது என்கிறேன். ஒரு விதிவிலக்கு உண்டு. சிர்க்கானின் வயதும், அது கிடக்கும் அடுக்கிலுள்ள புதைபடிவங்களின் வயதும் ஒத்துப்போனால், அது எரிமலை கக்கியதாகத்தான் இருக்கும். ஆழத்தில் இறுகிய கிரானைட் அரிபட்டுக் கடலுக்கு வந்துசேர அதற்குள் நேரமே இருந்திருக்காது.