சிங்கத்துக்கு முன்னால் புல்

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே,

கடந்த பிப்ரவரி மாதம் மனைவி, இரு பிள்ளைகள், எழுபத்தாறு வயதான மாமியார் ஆகியோருடன் டான்சானியாவின் செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்குச் சென்று வந்த அனுபவத்தைப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். விமானம், விடுதி, செலவுக் கணக்கு ஆகியவற்றைத் தேநீர் இடைவேளையில் கேட்டால் சொல்கிறேன். இங்கே நான் பேச விரும்புவது புல்லைப் பற்றி.

புறப்படும்போதே என் மகன் ஒரு குறிப்பேட்டில் சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்று ஐந்து பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தான். சுற்றுலா விளம்பரங்கள் 'பெரிய ஐந்து' என்று முழங்கும் இந்தப் பட்டியலை வகுத்தவர்கள் துப்பாக்கியோடு அலைந்த வேட்டைக்காரர்கள்; நடந்து சென்று சுடுவதற்கு எவை மிகவும் ஆபத்தானவை என்பதே அவர்களுடைய அளவுகோல். ஒட்டகச்சிவிங்கிக்கும், சீட்டா எனப்படும் சிவிங்கிக்கும் அதில் இடமில்லாமல் போனது அதனால்தான். (சிவிங்கியையும் சிறுத்தை என்றே நம் நாளிதழ்கள் எழுதிவருவது தனி வழக்கு.)

அருஷா நகரிலிருந்து மேற்கே ஏறி, 600 மீட்டர் ஆழமுள்ள கொரோங்கோரோ எரிமலைக் கிண்ணத்தின் விளிம்பைக் கடந்து இறங்கினால், தெற்குச் செரெங்கெட்டியின் சமவெளி தொடங்குகிறது. கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை மரமே இல்லை. கணுக்காலளவுப் புல் மட்டும்தான். அந்தப் புல்லில் வில்டபீஸ்ட் என்னும் தாடி வைத்த மான் இனம் ஆயிரமாயிரமாக நின்றது. ஆண்டு முழுவதும் மழையைத் தொடர்ந்து வட்டமடிக்கும் ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்ட்கள், ஜனவரி முதல் மார்ச் வரை ஏன் இந்த மொட்டை வெளிக்கே வருகின்றன என்று என் மகள் கேட்டாள். ஓட்டுநர் பதில் சொல்லாமல் கிழக்குத் திசையைக் காட்டினார். மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்கள் 'கடவுளின் மலை' என்று வணங்கும் ஓல் டோய்ன்யோ லெங்காய் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இன்றும் உயிருள்ள எரிமலை அது. அதுவும் அதன் அண்டை மலைகளும் உமிழ்ந்த சாம்பல் காற்றில் வந்து படிந்ததால், மண்ணுக்குக் கீழே வேர் துளைக்க முடியாத கெட்டித் தளம் உருவாகி மரங்களைத் தடுத்துவிட்டது. அதே சாம்பல் தந்த கால்சியமும் பாஸ்பரசும் புல்லில் ஏறியிருப்பதால், பாலூட்டும் தாய்களுக்கு அதைவிடச் சிறந்த மேய்ச்சல் கிடையாது. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. கழுதைப்புலிகள் எத்தனை தின்றாலும் தின்று தீர்க்க முடியாத எண்ணிக்கை அது. நாங்கள் பார்த்த கன்று ஒன்று, விழுந்த சில நிமிடங்களில் நான்கு முறை தடுமாறி, ஐந்தாம் முறை நின்று, தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிட்டது.

இந்தக் காட்சி ஆதிகாலம் தொட்டு இப்படியே இருந்து வருகிறது என்று நான் நம்பியிருந்தேன். அது தவறு. 1880களின் இறுதியில் வடகிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த மாட்டு நோய் ஒன்று, மாசாய்களின் மந்தைகளோடு வில்டபீஸ்ட்களையும் எருமைகளையும் கூட்டங்கூட்டமாக அழித்தது. பஞ்சமும் அம்மையும் சேர்ந்துகொண்ட அந்தக் காலத்தை மாசாய்கள் 'எமுதாய்' என்கிறார்கள். துடைத்தழிப்பு என்று பொருள். அதன் பின்னரும் நோய் கன்றுகளை விடாமல் தின்றுவந்தது. மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகே காட்டிலும் அது அடங்கியது. கென்யாவில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வால்டர் பிளவ்ரைட் 1960ஐ ஒட்டி உருவாக்கிய தடுப்பூசி, பின்னர் உலகெங்கும் அந்நோயை ஒழிக்க உதவியது. 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள், 1970களின் பிற்பகுதியில் 13 லட்சத்தை எட்டின. அவை புல்லை மேய்ந்து குறைத்ததால் காட்டுத்தீ குறைந்து, வடபகுதியில் மரங்கள்கூட மீண்டும் தழைத்தன. காட்டு விலங்குகளைக் காப்பாற்றியது, வீட்டு மாட்டின் தோலில் ஏறிய ஊசி.

எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு உண்டு. வில்டபீஸ்ட் கன்றுகளிடமிருந்து தொற்றும் வேறொரு காய்ச்சல் மாடுகளைக் கொன்றுவிடும் என்பதால், கன்று ஈனும் பருவத்தில் மாசாய்கள் அந்த நல்ல புல்லை விட்டுக்கொடுத்து, மந்தைகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்வது வழக்கம். இவ்வளவு நுட்பமாகப் பகிர்ந்து வாழ்ந்தவர்களை 1959இல் செரெங்கெட்டிப் பூங்காவிலிருந்து வெளியேற்றிவிட்டு, மனிதர் கால்படாத காடு என்று நமக்குப் படம் காட்டுகிறார்கள். அந்தப் படத்தை நம்பியே நானும் பணம் கட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசியால் ஒழிந்த அந்த முதல் மாட்டு நோயின் குறிகளை ஓட்டுநர் விவரித்தார்: கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாய் புண்ணாகும், பிறகு கழிச்சல், சில நாட்களில் சாவு. நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே, பின் இருக்கையிலிருந்த மாமியார், "இது வெக்கை நோய்தானே?" என்றார். அவருடைய சிறுவயதில், இந்தியாவில் 1954இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கிய அந்த ஆண்டுகளில், அவர் வீட்டுத் தொழுவத்திலிருந்த உழவுமாடு இரண்டையும் ஒரே வாரத்தில் இழந்தார்களாம். அந்த ஆண்டு அவருடைய தந்தை இரவல் மாடு கேட்டு ஊரெல்லாம் நடந்ததை அவர் சொல்ல, ஓட்டுநர் வண்டியின் இயந்திரத்தை அணைத்துவிட்டு, என் அரைகுறை ஆங்கிலத்தின் வழியாக அதைக் கேட்டார். உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக 2011இல் அறிவித்துவிட்டார்கள் என்று நான் சொன்னபோது, மாமியார் நம்பாமல் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

சிறுத்தையைக் கடைசிவரை நாங்கள் பார்க்கவில்லை. மகனுடைய குறிப்பேட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில், பாட்டி சொல்லச் சொல்ல அவன் எழுதிய அந்த இரண்டு உழவுமாடுகளின் பெயர்கள் இருக்கின்றன.