மாவிலைத் தோரணம்

எல்லோருக்கும் வணக்கம். நூலக வார விழாவில் வாசிப்பைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று நூலகர் கேட்டார். வாசிப்பைத் தனியாகப் பிரித்துப் பேச எனக்கு வராது. அந்தப் பேச்சை எடுத்தால் அப்பாயி வந்துவிடுவார், அம்மா வருவார், அப்பா வருவார், என் வீட்டுக்காரர் வருவார். அவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டுதான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

நான் பிறந்தது 1956-இல், இதே கும்பகோணத்தில். அப்பாவுக்குப் பித்தளைப் பாத்திரப் பட்டறையில் வேலை. அவர் சட்டையில் எப்போதும் புளி வாசனை இருக்கும். அவர் புத்தகம் படித்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒருநாள் வீட்டு வரி கட்டிவிட்டு வந்து, ரசீதை என்னிடம் நீட்டி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். நூலக வரி என்று இருந்தது. "நாமளும் காசு குடுத்திருக்கோம்மா. போய் எடுத்துப் படி" என்றார். சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது, 1948-இல். அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது, அப்பாவின் கறுத்த விரல்நுனி ஒரு வார்த்தைக்கு மேல் நின்றது மட்டும்தான். அந்த விரலை நம்பித்தான் நூலகப் படியேறினேன். யாரும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

அப்பாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் ஏழெட்டு அவர் பெட்டியில் இருந்தன. திருவிழாக் கடைகளில் வாங்கியவை. மத்தியான வேளையில் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வாசிடி" என்பார். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடம் வந்தால் கையைக் காட்டி நிறுத்தச் சொல்வார். கொஞ்சநேரம் வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டு, "ம், மேல போ" என்பார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நான் படிக்கத் தெரியாத ஒருவரிடம்தான் கற்றேன்.

புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்ற வேண்டும். சரஸ்வதி பூஜையன்று எல்லாப் புத்தகமும் பலகையில் ஏறிவிடும். அன்று ஓரெழுத்து படிக்கக் கூடாது. எனக்கு அது பெரிய தண்டனை. ஒருமுறை கொல்லைப் பக்கம் போய், கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அந்தக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாயி பார்த்துவிட்டார். திட்டவில்லை. காகிதத்தை வாங்கி, நீவிச் சுருக்கமெடுத்து, அதையும் கொண்டுபோய்ப் பலகையில் வைத்து ஒரு பூவும் போட்டார். என் சாமி நம்பிக்கை எங்கே தொடங்கியது என்று கேட்டால் அந்தக் கடலைக் காகிதத்தைத்தான் சொல்வேன். பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே நிற்கும்போதும் எனக்கு ஞாபகம் வருவது அப்பாயியின் கைதான்.

இனி அம்மா. அம்மா அஞ்சாம் வகுப்பு. 1954-இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஐந்து பைண்டுகளும் வந்தன. 'கல்கி' பத்திரிகையில் 1950 அக்டோபர் முதல் மூன்றரை வருஷம் வந்த 'பொன்னியின் செல்வன்' தொடர். வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி, அம்மாவும் என் மாமாவும் சேர்ந்து கட்டியவை. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படிப் பைண்டுகள் இருந்தன. இப்போது கடையில் வாங்கும் பதிப்பில் கதை இருக்கிறது; ஆனால் கதைப் பக்கத்துக்குப் பின்னால் தலைவலித் தைல விளம்பரமும், முடிவு இல்லாமல் அறுந்துபோன பாதித் துணுக்கும் இல்லை. எனக்கு அந்தப் பாதித் துணுக்குகள்கூட மனப்பாடம்.

மூன்றாவது பைண்டில் ஓர் அத்தியாயம் அச்சில் இல்லை. அந்த வாரத்து இதழை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. அம்மா பக்கத்து வீட்டு இதழை ஒரு ராத்திரிக்குக் கேட்டு வாங்கி, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் முழு அத்தியாயத்தையும் நோட்டுத்தாளில் எழுதி, அதே இடத்தில் வைத்துத் தைத்திருந்தார். பல இடங்களில் 'ற' வர வேண்டிய இடத்தில் 'ர' இருக்கும். மணியம் வரைந்த படத்தையும் பென்சிலால் போட்டுப் பார்த்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் எழுத்து சாய்ந்து சாய்ந்து போகும். தூக்கம் வந்திருக்க வேண்டும், அல்லது விடிந்திருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண், காலையில் வாசல் தெளிக்க எழுந்திருக்க வேண்டியவள், ஓர் அத்தியாயம் விடுபடக் கூடாது என்று அந்த ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்கு அப்படியொரு பிடிவாதம் இருந்ததென்று அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு 1977-இல் கல்யாணம். அவர் பஸ் கண்டக்டர். எட்டாவது வரைக்கும் படித்தவர், பேப்பரோடு சரி. நான் எழுதிக் கொடுக்கும் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டூட்டி முடிந்து வரும் வழியில் நூலகத்தில் நின்று எடுத்து வருவார். தீர்ந்த டிக்கெட் கட்டுகளின் அடி அட்டையை எனக்கு அடையாளம் வைக்கக் கொண்டுவந்து கொடுப்பார். முப்பது வருஷம் இப்படித்தான் போயிற்று. என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்டதில்லை. அவர் கேட்கவில்லையே என்று நானும் சொன்னதில்லை. அது என் தப்பு.

2011-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று, இனி என்ன இருக்கிறது என்று இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்த வீட்டின் அமைதியைத் தாங்க முடியவில்லை. அப்போதுதான் அம்மாவின் முதல் பைண்டை எடுத்து அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தேன்.

நான் எதிர்பார்க்கவே இல்லை, அவர் அப்படிக் கேட்பார் என்று. பழையாறை என்று வந்தால், "பட்டீஸ்வரம்... எறங்கி... நடக்கணும்" என்று குழறிச் சொல்வார். அந்த வழித்தடத்தில் டூட்டி பார்த்தவர். குதிரையில் போகிறவர்களுக்கெல்லாம் அவர் மனதுக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தார் என்றே நினைக்கிறேன். அவ்வளவு சரியாக ஊர்கள் தெரிந்தன. மூன்றாவது பைண்டில் அந்தக் கையெழுத்து அத்தியாயம் வந்தபோது என்னால் வாசிக்க முடியவில்லை. அப்பாயி செய்ததுபோலவே இடது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்சநேரம் கழித்து, "ம்" என்றார்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு நான் பலகை போடவில்லை. ராத்திரி புத்தகத்தைப் பிரித்தேன். அவர் இடது கையால் அதை மூடி, சாமி மாடத்தைக் காட்டினார். மறுபேச்சுப் பேசாமல் கொண்டுபோய் வைத்தேன். ஒரு பூ இருந்தது, போட்டேன். மறுநாள் விஜயதசமி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அதற்கப்புறம் கோயிலுக்கும் போக ஆரம்பித்தேன்.

இடையில் ஒருநாள் அவருக்கு இந்த ஊர்க் கதை ஒன்று சொன்னேன். உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். சைவ மடத்தில் தமிழ் படித்தவர். சமண காவியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இறங்கியபோது, சந்தேகம் கேட்க இங்கிருந்த சமணர் வீடுகளுக்குப் போவார். ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் மாக்கோலம், மாவிலைத் தோரணம். ஏதோ விசேஷம், தொந்தரவு செய்யக் கூடாது என்று தயங்கிக் கேட்டிருக்கிறார். ஆறு மாதமாக சிந்தாமணியைப் படிக்கக் கேட்டுவந்தோம், இன்று பூர்த்தியாயிற்று, அதற்குத்தான் என்றார்களாம். அவர் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. சமய எல்லையைத் தாண்டி ஒரு சைவர் அந்தக் காவியத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததை எல்லா மேடையிலும் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். எனக்கு அதைவிட அந்தத் தோரணம் பெரிது. கூடி உட்கார்ந்து கேட்டு முடித்ததற்கு வாசலில் கோலம் போட்ட வீடு நம் ஊரில் இருந்திருக்கிறது.

கதையைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை ராத்திரி, ஐந்தாவது பைண்டு முடிந்தது. மறுநாள் காலையில் நான் பால் வாங்கித் திரும்புகிறேன், வாசலில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மாவிலைகள். பக்கத்து வீட்டுப் பையனைப் பறிக்கச் சொல்லியிருக்கிறார். இடது கையாலும் பல்லாலும் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கயிறு ஆகியிருந்தது. நான் மீதியைக் கட்டினேன், அப்புறம் கோலம் போட்டேன்.

எதிர்வீட்டு அக்கா வந்து, "என்ன விசேஷம், பொண்ணுக்கு இடம் அமைஞ்சுதா?" என்று கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, திருத்தமாகச் சொன்னார்: "கதை முடிஞ்சுது."

அந்த இலைகள் சருகாகி உதிரும்வரை நான் அவிழ்க்கவில்லை.

நன்றி. வணக்கம்.