'என்ன நடந்துச்சு?' என்று கேட்கும் வகுப்பறை

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால், முதுநகர்ப் பக்கத்துப் பள்ளிகளில் சில பிள்ளைகள் அன்றைக்கு வேறு மாதிரி இருப்பார்கள். படகு கரையில் நிற்கும், வீட்டில் காசு இருக்காது. இன்றைய பிள்ளைகள் 2004 சுனாமியைப் பார்த்ததில்லை. ஆனால் கடல் இரைச்சல் மாறினால் பாட்டி எழுந்து உட்கார்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கலக்கத்தைச் சொல்லத் தெரியாத பையன் பக்கத்தில் இருப்பவனை அடித்துவிடுவான்.

நான்காம் வகுப்பில் ஒரு பென்சில் சண்டை என்று வையுங்கள். "ஏன்டா அடிச்ச?" என்றால், "அவன்தான் சார் மொதல்ல" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பென்சில் கதை வரும். கொஞ்சம் பொறுத்தால், "நேத்து ராத்திரி அப்பா சாப்பிடல சார்" என்று வரும். அப்புறம் கேட்கலாம்: உனக்கு எப்படி இருந்துச்சு? அடி வாங்கினவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இப்ப என்ன செய்யலாம்?

சமூக மனவெழுச்சிக் கற்றல் என்று கல்வியாளர்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது. தன் மனதை அறிவது, அடக்கி ஆள்வது, அடுத்தவர் நிலையை உணர்வது, உறவைப் பேணுவது, யோசித்து முடிவெடுப்பது.

"பாடத்தையே முடிக்க முடியவில்லை, இதற்கு நேரம் ஏது?" என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எமிஸ் என்னும் பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவதற்கே பாதிப் பொழுது போகிறது. ஆனால் 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இத்தகைய 213 திட்டங்களையும் அவற்றில் இருந்த சுமார் 2,70,000 மாணவர்களையும் சேர்த்துப் பார்த்தது. நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை, படிப்பில் சுமார் 11 இடம் முன்னேறும் அளவுக்குப் பலன் தெரிந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: வெளியாட்கள் வந்து நடத்திய இடங்களில் படிப்பில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பள்ளியின் சொந்த ஆசிரியர்கள் நடத்தியபோதுதான் அது வந்தது. ஆகவே மாதம் ஒருமுறை யாரையாவது அழைத்துச் சொற்பொழிவு வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தினமும் வருகைப்பதிவு எடுக்கிறவர்தான் இதைச் செய்ய முடியும்.

அதற்கு அந்த ஆசிரியருக்கும் மனதில் இடம் வேண்டும். பிள்ளைகள் முன்னால் அவரைக் கடிந்துகொள்ளும் தலைமையாசிரியர், அந்த வகுப்பிலிருந்து பொறுமையை எதிர்பார்க்கக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பேசப் பேச, வீட்டில் அடி, தவறான தொடுதல் என்று ஏதாவது பிள்ளை சொன்னால், அது வகுப்பில் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை. "நீ சொன்னது நல்லது" என்று சொல்லி, தலைமையாசிரியரிடம் தெரிவித்து, அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மற்ற பிள்ளைகளிடம் மூச்சு விடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.