எய்தவன் இருக்க

நடுவர் அவர்களே, பினாங்கு வாழ் தமிழ் நெஞ்சங்களே, வணக்கம். சாலைப் பந்தயத்துக்குப் பெரிய காரணம் ஓட்டும் இளைஞனா, ஊக்குவிக்கும் கூட்டமா என்பது தலைப்பு. கூட்டமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், "முறுக்குகிற கை அவனுடையதுதானே?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். கை அவனுடையதுதான் அம்மா. மோட்டார் சைக்கிள்? பதினாறு வயதில் உரிமம் எடுத்த கையோடு வாங்கிக் கொடுத்தவர் அப்பா. நல்ல புகைக்குழாயைக் கழற்றி, அலறும் குழாயை மாட்டியவர் பட்டறைக்காரர். அந்த அலறல் நள்ளிரவில் வாசலில் வந்து ஓய்ந்ததும், "பையன் வந்துவிட்டான்" என்று புரண்டு படுத்தவர்கள் நாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

லிம் சோங் இயூ விரைவுச்சாலையானாலும் சரி, வேறு எந்தச் சாலையானாலும் சரி, பார்க்க ஆளில்லாமல் எவனாவது பந்தயம் ஓடியிருக்கிறானா? இருக்கையில் வயிற்றைப் பதித்து, கால்களைப் பின்னால் நீட்டி 'சூப்பர்மேன்' என்று பறக்கிறானே, அப்போது பின்சக்கர பிரேக்குக்குக் கால் எட்டாது. அது அவனுக்கும் தெரியும். ஓரத்தில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்களே, அவர்களுக்காகத்தான் படுக்கிறான். ரசிகர் இல்லாவிட்டால் உட்கார்ந்தே ஓட்டுவான்!

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 33 மீட்டர் பாய்கிறது. முன்னே லாரி தடம் மாறுவதைக் கண்டு, பதறி, பிரேக்கைத் தேடுவதற்குள் 50 மீட்டர் போய்விடும். அந்த லாரிக்காரரும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் பெண்ணும் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை.

சட்டம் போதாதா என்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 42ஆம் பிரிவில், அபாயகரமாக ஓட்டுபவருக்கு 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. 81ஆம் பிரிவோ, பந்தயத்தில் ஓடுபவரோடு அதை நடத்துபவரையும் சேர்த்தே பிடிக்கிறது. சட்டமே எங்கள் அணியில்தான் உட்கார்ந்திருக்கிறது, நடுவர் அவர்களே!

போலீஸ் சாலைத்தடுப்பு போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தடுப்பு எங்கே என்று ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் பரப்புவதும் இதே கூட்டம்தான். அதனால் குழாய் மாட்டிய பட்டறைக்கும் அபராதம் போடுங்கள், படம் பிடித்தவரையும் விசாரணைக்கு அழையுங்கள். அப்பாமார்களே, நாளைக் காலை மகனின் வண்டியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். எண் பலகை மேல்நோக்கி மடங்கியிருந்தால் முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். போலீஸ்காரருக்கு மிச்சம் வைக்காதீர்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். எதிரணி குறுக்குக் கேள்வி கேட்கட்டும், காத்திருக்கிறேன்.