ஓகே பிறந்த தேதி

நேயர்களுக்கு வணக்கம். காலையில் எழுந்ததிலிருந்து எத்தனை முறை ‘ஓகே’ சொல்லியிருப்பீர்கள்? பால்காரரிடம், ஆட்டோக்காரரிடம், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையிடம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், கதை சொல்ல ஆளுக்குப் பஞ்சமிருக்காது.

அதிகம் கேட்கும் கதை போர்க்களத்துக் கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அன்றைக்கு யாரும் சாகவில்லை என்றால் ‘சைபர் கில்டு’ என்று பலகையில் எழுதுவார்களாம். அந்தச் சைபரும் கில்டின் முதலெழுத்தும் சேர்ந்து ஓகே ஆனதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போர் தொடங்கியது 1861இல். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே ஓகே அச்சில் வந்துவிட்டது! சொல்லின் பிறப்புக் கதை எதைக் கேட்டாலும் என் முதல் கேள்வி இதுதான்: எந்தத் தேதியில், எந்தத் தாளில் அச்சானது?

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஆலன் வாக்கர் ரீட். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1941இல் இந்தச் சொல்லை 1840ஆம் ஆண்டு வரை பின்னோக்கிக் கொண்டுபோய்க் காட்டினார். வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இவர் விடவில்லை. கணினித் தேடல் இல்லாத காலம் அது. பழைய செய்தித்தாள்களைக் கண்ணால் படித்துத்தான் தேட வேண்டும். 1963லும் 64லும் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ இதழில் தொடர்கட்டுரைகளாகத் தான் கண்டதை வெளியிட்டார்.

அவர் காட்டிய தேதி, 1839 மார்ச் 23. தாள், ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’. அந்த நாளில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு: சொற்றொடர்களை முதலெழுத்துகளாகச் சுருக்குவது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் எழுதுகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். அதிலும் எழுத்துப் பிழையை வேண்டுமென்றே சேர்ப்பார்கள். ‘ஆல் கரெக்ட்’ என்பதில் ஆல், ஏ எழுத்தில் தொடங்க வேண்டும், ஓ போட்டார்கள். கரெக்ட், சி எழுத்தில் தொடங்க வேண்டும், கே போட்டார்கள். எல்லாம் சரி என்று சொல்லும் சொல், இரண்டு எழுத்துமே தப்பு! எனக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தச் செய்தியில் ஓ.கே. என்று போட்டு, பக்கத்திலேயே ‘ஆல் கரெக்ட்’ என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் அறிந்த சொல்லுக்கு யாராவது விளக்கம் எழுதுவார்களா? வாசகர்களுக்கு அது புதுசு என்பது இதிலேயே தெரிகிறது.

சரி, ‘ஆல் ரைட்’டையும் இதே மாதிரி ஓ.டபிள்யூ. என்று சுருக்கினார்களே, அது எங்கே போயிற்று? செத்துவிட்டது. ஓகே பிழைத்ததற்கு மறு ஆண்டுத் தேர்தல் ஒரு பெரிய காரணம். அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹூக். ‘ஓல்டு கிண்டர்ஹூக்’, அதாவது கிண்டர்ஹூக் பெரியவர், என்ற பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ஓ.கே.தான்! ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கங்களே தொடங்கினார்கள். எதிரணி சும்மா இருக்குமா? முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர் கோப்பில் எழுதிய பிழைதான் ஓ.கே. என்று கிளப்பிவிட்டது. தேர்தல் வசைக்காகக் கட்டிய அந்தக் கதையை இன்றும் வரலாறு என்று நம்புகிறவர்கள் உண்டு. அதனால்தான் தேதி, தேதி என்று அடித்துக்கொள்கிறேன். தேர்தலில் வான் பியூரன் தோற்றார். சொல் நின்றது.

இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். சாக்டா பழங்குடி மொழிச் சொல் என்று நம்பி, ‘ஓகே’ என்பதை வேறு எழுத்துகளில் எழுதிவந்த அதிபர் உட்ரோ வில்சனைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், முடியாது. நம்மவர் வழக்கையாவது சொல்லிவிடுகிறேன். ‘அப்பா ஓகே சொல்லிட்டார்’ என்றால் முழுச் சம்மதம். ‘படம் ஓகே’ என்றால் சுமார்தான். ‘ஓகே, அப்புறம்?’ என்றால் மேலே சொல்லு என்று பொருள். ஓகேயைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்று பொருள். நானும் முடித்துக்கொள்கிறேன். வணக்கம்.