அழுகையை நிறுத்தும் கைப்பட்டி

வணக்கம் நேயர்களே. இன்னும் அச்சுக்குப் போகாத ஒரு நாவலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். புத்தகம் வந்தபிறகு பேசினால் விமர்சனம். வரமுன்னம் பேசினால் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதுகிறவள் புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பிள்ளை. என்னிடம் உயர்தரத்துக்குத் தமிழ் படித்தவள். பெயர் சொல்லவேண்டாம் என்றாள், சொல்லவில்லை. இளையோருக்கான நாவல். முதல் நான்கு அத்தியாயங்களை வாசிக்கத் தந்தாள்.

கதை வருங்காலத்தில், எங்கட பக்கத்து ஊர் ஒன்றில் நடக்கிறது. பதின்மூன்று வயதானதும் எல்லோருக்கும் கையில் ஒரு பட்டி கட்டிவிடுகிறார்கள். நாடித்துடிப்பு, தோலின் வியர்வை, குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் அது அளக்கும். துக்கமோ கோபமோ அளவு மீறினால் மெல்ல அதிரும், மனம் தணிந்துவிடும். முதலாம் அத்தியாயம் முழுக்க இந்த விளக்கந்தான். எனக்கு அலுத்துப்போனது, அவளிடமும் சொன்னேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு செத்தவீடு. அம்மம்மா ஒப்பாரி சொல்லத் தொடங்குகிறா. “என்ரை ராசா” என்று எடுத்த குரல் மூன்றாவது அடியில் நின்றுவிடுகிறது. பட்டி அதிர்ந்துவிட்டது. கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பெண்களின் கைகளும் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. அம்மம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, “ஆருக்கெல்லாம் தேத்தண்ணி?” என்று கேட்கிறா. சவம் அப்படியே நடுவீட்டில் கிடக்கிறது.

வெறும் கற்பனை என்று இதைத் தள்ள ஏலாது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், பேஸ்புக் நிறுவனம் 6,89,003 பேருடைய பக்கங்களில் மகிழ்ச்சியான பதிவுகளையோ துயரமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது எப்படி மாறுகிறது என்று பார்த்தது. மாற்றம் மிகச் சிறியதுதான். ஆனால் 2014 இல் ஆய்வு வெளிவந்தபோது பெரிய கண்டனம் எழுந்தது, ஏனென்றால் அந்த ஆட்களிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைத்தளத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஆட்களின் உணர்ச்சியைக் கருவி வைத்துக் கணிப்பதை, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பெப்ரவரி தொடக்கம் தடைசெய்திருக்கிறது. இல்லாத ஒன்றுக்கு ஒருவரும் சட்டம் போடமாட்டார்கள்.

வெளிநாட்டு இளையோர் நாவல்களில் இப்படி ஒரு கருவி வந்தால் பெரும்பாலும் அதைக் கதாநாயகி உடைத்தெறிவாள், வாசகர் கைதட்டுவார்கள். வன்னியில் அப்படி எழுதினால் நான் நம்பமாட்டேன். 2009 மே மாதத்தைக் கடந்து வந்த ஒரு தாயிடம், “இனி நித்திரை வரும், பிள்ளை இரவில் திடுக்கிட்டுக் கத்தாது” என்று சொல்லி அந்தப் பட்டியை நீட்டிப் பாருங்கள். கட்டாயப்படுத்தத் தேவையே இல்லை, வரிசை ஏ9 வீதி வரைக்கும் நிற்கும். அந்த வரிசையில் நானும் நிற்கக்கூடும்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். வெயிலிலும் மழையிலும் பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து இருத்தியது ஆறாத துக்கம். அதைத் தணித்துவிட்டால் “என்ரை பிள்ளை எங்கே?” என்று கேட்க ஆர் மிச்சம்? பட்டியை இலவசமாகக் கொடுக்கிறவனுக்கு இதில் என்ன லாபம் என்பது நாவலில் வரவேண்டும். வாசித்த அத்தியாயங்களில் அது இன்னும் வரவில்லை.

ஐந்தாம் அத்தியாயத்தில் மகளுக்குப் பட்டியைக் கட்டிவிடுவது தாய்தானாம். அந்தத் தாயைக் கெட்டவளாக்கிப் போடாதே என்று கேட்டிருக்கிறேன். “யோசிக்கிறன் சேர்” என்றாள். எனக்குத் தெரிந்தமட்டில், அவள் அப்படிச் சொன்னால் எழுதி முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

மாரிக்கு முன்னம் மிச்சத்தையும் தருவாளாம். புத்தகமாக வந்ததும் பள்ளிக்கூட நூலகங்கள் இரண்டு பிரதியாவது வாங்குங்கள். ஒன்றை எப்படியும் ஆசிரியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம். நன்றி, வணக்கம்.