புகை படுக்குது
(கொடைக்கானல் மேல்மலையில் காட்டுத்தீக் காலத்துக்கு முன் நடந்த காவலர் பயிற்சியில் ஓய்வுபெற்ற வனவர் ஒருவர் பேசியது)

தம்பிகளா, பச்சைத் தழையால் தீயை அடிக்க உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உத்தரவு போடுவது, கேட்பது இரண்டையும் பற்றித்தான் பேச்சு.

1949 ஆகஸ்ட் 5. அமெரிக்காவில் மொன்டானா மாநிலம், மான் கல்ச் பள்ளத்தாக்கு. விமானத்திலிருந்து குதித்த 15 தீயணைப்பாளர்கள். தரையில் காவலர் ஒருவர் சேர்ந்துகொண்டார். தீ அவர்களுக்குக் கீழே வந்துவிட்டது. சரிவில் தீ எப்படி ஏறும் என்று நம் புல்மேட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? தலைவர் வாக்னர் டாட்ஜ் சட்டென்று தீக்குச்சி கிழித்து எதிரில் இருந்த புல்லையே கொளுத்தினார். எரிந்து கருகிய இடத்தில் படுத்தால், எரிய மிச்சமில்லாமல் பெருந்தீ விலகிப் போகும் என்பது அவர் கணக்கு. (நாம் வைக்கிற எதிர்த்தீ தீயை மறிக்க, இது உள்ளே புகுந்து பிழைக்க.) கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. அவர் பிழைத்தார். ஓடியவர்களில் இருவர் மட்டும் பிழைக்க, 13 பேர் போய்விட்டார்கள்.

பெரும்பாலும் ஓடியவர்களைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் ஒரே குழுவாகப் பழகியவர்கள் அல்ல. தலைவர் தன் கண்ணெதிரே தீ வைத்தால், முன்பின் கேள்விப்படாதவன் என்ன நினைப்பான்? பித்துப் பிடித்துவிட்டது என்றுதான்.

இனி என் கதை. பூம்பாறைக்கு மேலே ஒரு மார்ச் மதியம். வயதில் மூத்த, பளியர் பழங்குடியைச் சேர்ந்த காவலர் ஒருவர், "ஐயா, புகை படுக்குது, காத்து திரும்பும்" என்றார். "அடிச்சு முடிச்சுட்டுப் பார்க்கலாம்" என்றேன். அவர் தர்க்கம் பண்ணவில்லை. தழையைக் கீழே போட்டார். மற்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். கோபத்தோடுதான் நானும் இறங்கினேன். சற்று நேரத்தில் நாங்கள் நின்ற மேடு முழுக்க நெருப்பு. அறிக்கையில் "பின்வாங்க உத்தரவிட்டேன்" என்று எழுதினேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

1991-இல் பால் கிளீசன் என்ற அமெரிக்கத் தீயணைப்பாளர் நான்கு விஷயம் சொன்னார்: தீயைக் கவனிக்கத் தனி ஆள், தகவல் தொடர்பு, தப்பும் வழி, பத்திரமான இடம். தீயைக் கவனிக்கும் அந்த ஆள் பதவியில் கடைசியாக இருக்கலாம். ஆனால் அவர் "இறங்கு" என்றால் ரேஞ்சரும் இறங்க வேண்டும்.

நாளைக் காலை சரிவுக்குப் போவோம். எந்த வழியாக ஓடுவோம் என்று புதிதாகச் சேர்ந்த தம்பி முதலில் காட்டட்டும். வனவர் கடைசியில் பேசட்டும்.